பத்தைக் குறைத்தால் முப்பது குறையும்

இரவு ஏழரை மணி. நானே சால்டர் வைத்துக் கட்டிய ரிசீவரை 7,100 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தி ஹெட்போனை மாட்டினேன். அந்த நேரத்தில் அங்கே நாலைந்து ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், பேசிக்கொண்டிருப்பது வழக்கம். அன்று கேட்டது வேறு. ஒரு பெண் செய்தி வாசிக்கிறார். அதற்கு அடியில் இன்னொரு மொழியில் பாட்டு. இரண்டும் கரகரத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பாட்டு உரக்கும்போதெல்லாம் செய்தியும் சேர்ந்து பிதுங்கியது.

அந்த இடத்தில் ஒலிபரப்பு நிலையம் இருக்க நியாயமே இல்லை. 7,100 முதல் 7,200 வரை உள்ள துண்டு ஒரு காலத்தில் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஒலிபரப்பு நிலையங்களின் கையில்தான் இருந்தது. 2003ல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு அதை அமெச்சூர்களுக்குத் தந்தது. நிலையங்கள் 2009 மார்ச் 29க்குள் 7,200க்கு மேலே போய்விட வேண்டும் என்று நாளும் குறித்தது. பெரும்பாலானவை போய்விட்டன. அப்படியானால் இந்த இரண்டு பேர் யார்?

எங்கள் ஊர் மூத்த ஹாம் ஒருவருக்குப் போன் போட்டேன்.

“அட்டெனுவேட்டர் போட்டுப் பாத்தியா தம்பி?”

“இல்ல சார்.”

“பத்து டிபி போடு. மீட்டர் எவ்வளவு எறங்குதுன்னு பாரு. அது எங்கேருந்து வருதுன்னு அப்புறம் சொல்றேன்.”

அட்டெனுவேட்டர் என்பது தணிப்பி. ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு தகர டப்பா. உள்ளே மூன்று மின்தடைகள், வெளியே ஒரு சுவிட்ச். உள்ளே வரும் சிக்னல் எதுவானாலும் அதன் திறனைப் பத்தில் ஒரு பங்காக்கி அனுப்பும். அதைத்தான் 10 டெசிபெல், சுருக்கமாக டிபி, என்கிறோம். டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு பத்தும் ஒரு பூஜ்யம்: 10 என்றால் 10 மடங்கு, 20 என்றால் 100 மடங்கு, 30 என்றால் 1,000 மடங்கு.

சுவிட்சைத் தட்டினேன். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரு ஹாமின் குரல் சற்றுத் தணிந்தது. சுற்றியிருந்த இரைச்சலும் அதே அளவு தணிந்தது. ஆனால் அந்தச் செய்தியும் பாட்டும் கிணற்றில் விழுந்தது போலக் காணாமல் போயின. சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் 8ல் நின்ற முள் 3க்கு வந்துவிட்டது. எஸ் மீட்டரில் ஒரு படி 6 டெசிபெல். ஐந்து படி இறங்கினால் 30. நான் குறைத்ததோ பத்துதான்.

“அப்போ அது வெளியில இல்ல தம்பி, உன் பெட்டிக்குள்ளயே பொறக்குது” என்றார் அவர்.

இந்த ஒரு சோதனையின் பின்னால் இருக்கும் அறிவியலைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இல்லாத நிலையம் எப்படிப் பிறக்கிறது, அது ஏன் பத்துக்கு முப்பது குறைகிறது, ஒரு ரிசீவர் இப்படி எவ்வளவு பொய் சொல்லும் என்பதை எப்படி அளப்பது என்ற மூன்று கேள்விகளும் ஒரே முடிச்சில் இருக்கின்றன.

திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். சத்தத்தை முழுக்கத் திருகி வைத்திருக்கிறார்கள். நாதஸ்வரம் மட்டும் வரும்போது கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் ராகம் புரிகிறது. தவிலும் சேர்ந்ததும் இரண்டும் குழம்பி, மேடையில் யாருமே வாசிக்காத ஓர் உறுமல் கிளம்புகிறது. பெருக்கியும் ஸ்பீக்கரும் தங்கள் எல்லையில் திணறும்போது, ஒலி ஒன்றுக்கு இரண்டானவுடன் மூன்றாவது ஒன்று உண்டாகிறது.

ஏன் என்று பார்க்க, பழைய பேப்பர் வாங்குபவர் கையில் தொங்கும் சுருள்வில் தராசை எடுத்துக்கொள்வோம். நல்ல தராசில் இரண்டு கட்டுகளைச் சேர்த்து மாட்டினால் காட்டும் எடை, தனித்தனியே மாட்டினால் காட்டுவதன் கூட்டலாக இருக்கும். ஒரு கட்டு தொங்குவது இன்னொரு கட்டின் எடையைப் பாதிக்காது. இந்த நேர்மைக்குத்தான் நேரியல்பு என்று பெயர். ஆனால் எந்த வில்லுக்கும் ஓர் எல்லை உண்டு. 45 கிலோ மூட்டை ஏற்கெனவே தொங்கி வில் நீண்டு களைத்திருக்கும்போது 2 கிலோ பேப்பரை மாட்டினால் முள் ஒன்றரைக் கிலோவுக்குத்தான் நகரும். இப்போது அந்தப் பெரிய மூட்டை மேலும் கீழும் ஆடுகிறது என்று வையுங்கள். அது கீழே இழுக்கும் கணத்தில் பேப்பரின் எடை குறைவாகத் தெரியும். மேலே எழும் கணத்தில் சரியாகத் தெரியும். பெரியதன் ஆட்டம் சிறியதன் எடையில் ஏறிக்கொண்டுவிட்டது. ஒன்றின் பண்பு இன்னொன்றின் மேல் ஏறுவதால் இது பண்பேற்றம். இரண்டு சிக்னல்களுக்கு இடையே நடப்பதால் இடைப்பண்பேற்றம். இதனால் விளையும் திரிபை ஹாம்கள் சுருக்கமாக ஐஎம்டி என்பார்கள்.

இன்னும் ஒரே ஒரு படி ஏற வேண்டும். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு தந்திகள் கிட்டத்தட்ட ஒரே சுருதிக்கு வந்தும் ஒட்டாமல் நிற்கும்போது ஒலி உரத்தும் தணிந்தும் அலையும். வினாடிக்கு 3 அதிர்வு வித்தியாசம் இருந்தால் வினாடிக்கு 3 முறை அலையும். இதைத் தலைகீழாகவும் படிக்கலாம். ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும் ஒன்றின் வலிமையைச் சீராகக் கூட்டிக் குறைத்தால் அதன் இரண்டு பக்கத்திலும் புது அதிர்வெண்கள் முளைக்கும். எவ்வளவு வேகமாகக் கூட்டிக் குறைக்கிறோமோ அவ்வளவு தள்ளி முளைக்கும்.

அன்று இரவு 7,250லும் 7,400லும் இரண்டு பெரிய நிலையங்கள் மீட்டர் முள்ளை வலது கோடிக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் இடைவெளி 150. ஆக அவை சேர்ந்த அலை வினாடிக்கு 1,50,000 முறை பொங்கி அடங்குகிறது. ஒவ்வொரு பொங்கலின் உச்சியிலும் என் ரிசீவரின் முதல் டிரான்சிஸ்டர் தன் எல்லையைத் தொட்டு, அந்தக் கணத்தில் இரண்டு சிக்னலையுமே நசுக்குகிறது. நசுக்கும் வேகமும் அதே 150 கிலோஹெர்ட்ஸ். எனவே 7,250க்குக் கீழே 150 தள்ளி ஒரு சிக்னல் முளைக்கிறது. 7,400க்கு மேலே 150 தள்ளி இன்னொன்று. மேலே முளைப்பது 7,550. கீழே முளைப்பது 7,100. பெண் செய்தி வாசித்த இடம் அது.

இதை ஹாம்கள் சொல்லும் வாய்ப்பாடு: முதல் நிலையத்தின் இரட்டிப்பிலிருந்து இரண்டாவதைக் கழி. 14,500 கழித்தல் 7,400. முதலாவது இரண்டு முறை, இரண்டாவது ஒரு முறை, ஆக மூன்று கை சேர்ந்து செய்யும் வேலை. அதனால் இது மூன்றாம் படித் திரிபு. இரண்டு கை மட்டும் சேரும் இரண்டாம் படித் திரிபும் உண்டு. இரண்டு அதிர்வெண்களையும் கூட்டினால் 14,650, கழித்தால் 150. இவை வெகு தூரத்தில் விழுவதால் ரிசீவரின் வாசலில் உள்ள வடிகட்டி சமாளித்துவிடும். மூன்றாம் படி அப்படியில்லை. அது அண்டை வீட்டிலேயே வந்து விழுகிறது.

அந்த மூன்று கைகளில்தான் முப்பதின் ரகசியமும் இருக்கிறது. சதுரமான நெல் பெட்டி ஒன்றின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் அதில் எட்டு மடங்கு நெல் பிடிக்கும். மூன்றையும் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்குதான். பொய் சிக்னலின் அளவும் மூன்று பெருக்கங்களால் ஆனது. ஆன்டெனாவில் பத்து டெசிபெல் குறைத்தால் மூன்று கைகளிலும் பத்துப் பத்தாகக் குறைகிறது, மொத்தம் முப்பது. வெளியிலிருந்து வரும் உண்மையான சிக்னலுக்குக் கை ஒன்றுதான். அது பத்துக்குப் பத்து குறையும். பொய்யையும் மெய்யையும் ஒரே சுவிட்சால் பிரித்துவிடலாம் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பான விஷயம்.

சரி, அளப்பது எப்படி? “என் ரிசீவர் உன் ரிசீவரைவிட நல்லது” என்பது வெறும் வாய்ச்சொல்லாக இல்லாமல் ஓர் எண்ணாக வேண்டும். இதற்கான செய்முறையை அமெச்சூர்களுக்கு ஒழுங்காக வகுத்துக் கொடுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் வெஸ் ஹேவர்ட். 1975 ஜூலை மாத க்யூஎஸ்டி இதழில் அவர் கட்டுரை வந்தது. அமெரிக்க அமெச்சூர் சங்கமான ஏஆர்ஆர்எல், கனெக்டிகட் மாநிலம் நியூயிங்டனில் உள்ள தன் ஆய்வகத்தில் ரிசீவர்களைச் சோதித்து வெளியிடும் எண்கள் இந்த வழியில் வந்தவை. வீட்டு மேசையிலும் இதைச் செய்யலாம்.

தேவையானவை: சுத்தமான சிக்னல் தரும் இரண்டு ஜெனரேட்டர்கள் (படிகம் வைத்து நாமே கட்டினாலும் போதும்), இரண்டையும் ஒன்றாக்கும் ஓர் இணைப்பி, ஒவ்வொரு டெசிபெல்லாகத் திருகக்கூடிய தணிப்பி, ரிசீவரின் ஹெட்போன் முனையில் மாட்ட ஏசி வோல்ட்மீட்டர். முதல் வேலை ரிசீவரின் ஏஜிசியை அணைப்பது. சிக்னல் உரத்தால் ஒலியைத் தானே தணித்து, மெலிந்தால் தானே கூட்டும் சுற்று அது. காதுக்கு நல்லது. ஆனால் அளக்கும்போது அது ஓடிக்கொண்டிருந்தால், தராசுத் தட்டில் ஒருவர் விரலை வைத்துக்கொண்டிருப்பதற்குச் சமம்.

இப்போது ஆன்டெனா இல்லை. ரிசீவர் சும்மா உஸ்ஸென்கிறது. அது அதன் சொந்த இரைச்சல். வோல்ட்மீட்டர் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஜெனரேட்டரை 14,060 கிலோஹெர்ட்ஸில் வைத்து, ரிசீவரையும் அங்கே நிறுத்தி, தணிப்பியைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு உஸ்ஸுக்குள் இழை போல ஒரு விசில் தட்டுப்படும். வோல்ட்மீட்டர் முதலில் காட்டியதைப்போல் 1.4 மடங்கு காட்டும்போது நிறுத்துங்கள். இரைச்சலும் சிக்னலும் சமமாகிவிட்டன என்று பொருள். இந்த ரிசீவருக்குக் கேட்கும் மிக மெல்லிய சிக்னல் இதுதான். நல்ல ரிசீவரில் மோர்ஸுக்கான 500 ஹெர்ட்ஸ் வடிகட்டியோடு இது மைனஸ் 130 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டிலிருந்து எண்ணும் டெசிபெல்) அளவில் இருக்கும். 50 ஓம் முனையில் அது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் நூற்றுக்கு ஏழு பங்கு.

அடுத்து, இரண்டு ஜெனரேட்டர்கள். ஒன்று 14,020, மற்றது 14,040. ரிசீவர் அதே 14,060ல் நிற்கட்டும். அங்கே யாரும் இல்லை, உஸ் மட்டும்தான். இரண்டையும் சமமாக, ஒவ்வொரு டெசிபெல்லாகக் கூட்டுங்கள். வெகு நேரம் வரை ஒன்றும் நடக்காது. ஒரு கட்டத்தில் அதே இழை விசில், யாரும் அனுப்பாத இடத்தில், மெல்ல எழும். வோல்ட்மீட்டர் மறுபடியும் அதே 1.4 மடங்கைத் தொடும்போது நிறுத்துங்கள். தணிப்பியின் கணக்குப்படி இப்போது ஒவ்வொரு ஜெனரேட்டரும் மைனஸ் 35 டிபிஎம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம்; சுமார் 4 மில்லிவோல்ட். 130க்கும் 35க்கும் இடைவெளி 95 டெசிபெல். இதுதான் இந்த ரிசீவரின் மூன்றாம் படி இயங்கு வீச்சு. கேட்கக்கூடிய மிக மெல்லியதைவிடத் திறனில் 300 கோடி மடங்குக்கும் மேல் வலுத்த இரண்டு சிக்னல்கள் வந்து மோதினாலும், பொய் நிலையம் இரைச்சலுக்கு மேலே தலை தூக்காது என்பது இதன் பொருள்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, வோல்ட்மீட்டர் துல்லியமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை என்பது. இரண்டு தடவையும் முள் ஒரே இடத்துக்கு வந்தால் போதும். தட்டுத் தராசில் முள் நடுவில் நிற்பதை மட்டும் பார்த்து, எடையைப் படிக்கல்லில் படிப்பது போல, இங்கே படிக்கல் தணிப்பிதான். அது சரியாக இருந்தால் அளவு சரியாக இருக்கும்.

ரிசீவர் விளம்பரங்களில் ஐபி3 என்று இன்னொரு எண்ணையும் பார்க்கலாம். தமிழில் மூன்றாம் படி வெட்டுப்புள்ளி என்கிறேன். உண்மை சிக்னல் ஓர் அடி எடுத்து வைக்கும்போது பொய் சிக்னல் மூன்று அடி வைக்கிறது. இப்போது அது 95 அடி பின்னால் நிற்கிறது. ஒவ்வோர் அடிக்கும் இடைவெளி இரண்டு அடி சுருங்கும். அப்படியானால் 47.5 அடியில் பிடித்துவிடும். மைனஸ் 35லிருந்து 47.5 மேலே போனால் பிளஸ் 12.5 டிபிஎம். இருவரும் சந்திக்கும் அந்தக் கற்பனை இடம்தான் வெட்டுப்புள்ளி. உண்மையில் அங்கே போய்ச் சேர முடியாது. அதற்கு முன்பே ரிசீவர் மூச்சுத் திணறிவிடும். காகிதத்தில் கோட்டை நீட்டிக் கண்டுபிடிக்கும் புள்ளி அது. மூன்றுக்கு ஒன்று என்ற விதி உடையாமல் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

அளப்பவரைக் கவிழ்க்கும் பள்ளங்கள் இந்த மேசையிலேயே இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரியது, ஜெனரேட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. ஒன்றின் சிக்னல் கம்பி வழியே பின்னோக்கிப் போய் மற்றதன் கடைசி டிரான்சிஸ்டருக்குள் நுழைந்துவிட்டால் அங்கேயே மூன்றாவது சிக்னல் பிறந்துவிடும். நாம் அளப்பது ரிசீவரை என்று நினைத்துக்கொண்டிருப்போம். அளப்பதோ நம் ஜெனரேட்டரை. அதனால்தான் ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் தனித் தணிப்பி வைத்து, ஒன்றின் சிக்னல் மற்றதற்குள் போகாதபடி கட்டிய ஹைப்ரிட் இணைப்பியில் சேர்க்கிறார்கள். இவ்வளவு செய்தும் சந்தேகம் இருந்தால்? இணைப்பிக்கும் ரிசீவருக்கும் நடுவே பத்து டெசிபெல் போட்டுப் பாருங்கள். பொய் சிக்னல் முப்பது குறைந்தால் அது ரிசீவரில் பிறந்தது. பத்து மட்டும் குறைந்தால் அது ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து வருகிறது. மேசையைத்தான் சரிசெய்ய வேண்டும். மூத்தவர் போனில் சொன்ன அதே சோதனை.

சில மாதம் கழித்து அதே சோதனை எனக்கு எதிர்மாறான விடையும் தந்தது. இன்னொரு பொய் நிலையம். பத்து போட்டேன், பத்துதான் குறைந்தது. ரிசீவர் குற்றவாளி இல்லை. ஆனால் அந்த அதிர்வெண்ணில் எந்த நிலையமும் பட்டியலில் இல்லை. மழை பெய்தால் அது போய்விடும், வெயில் ஏறினால் வந்துவிடும். கடைசியில் மொட்டைமாடியில், ஆன்டெனா கம்பத்தைப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்ப்பில் கண்டுபிடித்தேன். கடற்காற்றில் துருவேறி, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய துருப் படலம். அந்தப் படலம் மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் சிரமத்தோடும் விடும். அதுவே ஒரு கரடுமுரடான டையோடு. அக்கம்பக்கத்து நிலையங்கள் அந்தத் துருவுக்குள் கலந்து மூன்றாவதாக வெளியே வந்துகொண்டிருந்தன. என் ஆன்டெனாவுக்கு அது வெளியிலிருந்து வரும் உண்மையான சிக்னல்தான். அதனால்தான் பத்துக்குப் பத்து. உலோக பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி, புது போல்ட் போட்டதும் அது நின்றது. ஆங்கிலம் பேசும் ஹாம்கள் இதைத் துருப்பிடித்த போல்ட் விளைவு என்றே அழைக்கிறார்கள்.

இந்த அளவீட்டின் வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் கட்டம் ஒன்று உண்டு. 1970களின் நடுவில், அமெரிக்காவில் ட்ரேக் நிறுவனத்தின் ஆர்-4சி என்ற ரிசீவருக்கு நல்ல பெயர். ஆய்வக எண்களும் நன்றாகவே இருந்தன. கொலராடோவைச் சேர்ந்த ராப் ஷெர்வுட் அதை வைத்துக்கொண்டு 160 மீட்டர் மோர்ஸ் போட்டியில் உட்கார்ந்தார். போட்டி நாளில் அந்தப் பேண்டில் சிக்னல்கள் தேர்க்கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஓரிரு கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அவருக்குக் கேட்டது பொய் மோர்ஸ் ஒலிகளின் களேபரம். எண் நன்றாக இருக்கிறது, காது வேறு சொல்கிறது. அவர் காதை நம்பினார்.

ஆய்வகம் தன் இரண்டு சிக்னல்களையும் 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வைத்து அளந்திருந்தது. ஷெர்வுட் 2 கிலோஹெர்ட்ஸில் வைத்து அளந்தார். 20ல் 80 டெசிபெல்லைத் தாண்டிய அதே பெட்டி 2ல் 60க்கும் கீழே இறங்கிவிட்டது. 1977 டிசம்பர் மாத ஹாம் ரேடியோ இதழில் காரணத்தோடு எழுதினார். ஆர்-4சியின் முதல் வடிகட்டி 8 கிலோஹெர்ட்ஸ் அகலம். கல்யாண மண்டபத்தின் வெளி கேட் போல அதை நினைத்துக்கொள்ளலாம். 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்பவர்களை அந்தக் கேட்டே நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் மெல்லிய சுற்றுகள் அவர்கள் முகத்தையே பார்க்க மாட்டா. 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்பவர்களோ கேட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். உள்ளே ஒடுக்கமான இரண்டாவது கதவு இருக்கிறதுதான். ஆனால் அதற்கு முன்னுள்ள கூடத்தில், பெருக்கியிலும், சிக்னலை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றும் கலப்பியிலும், இருவரும் மோதி மூன்றாவது ஆள் பிறந்துவிடுகிறார். அவர் சரியாக இரண்டாவது கதவுக்கு நேரே நின்றால் தாராளமாக உள்ளே போய்விடுவார். பிறந்த பிறகு அவரைப் பொய் என்று எந்த வடிகட்டியாலும் கண்டுகொள்ள முடியாது. ஷெர்வுட் முதல் கேட்டையே 600 ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் குறுக்கினார். களேபரம் அடங்கியது.

ஆய்வகம் அளந்ததில் தப்பில்லை. 20 கிலோஹெர்ட்ஸ் என்ற கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் தந்தது. போட்டியில் உட்கார்பவருக்கு அந்தக் கேள்வி பயன்படவில்லை. அதன் பிறகும் உற்பத்தியாளர்கள் உடனே திருந்திவிடவில்லை. 1980களிலும் 90களிலும் வந்த பெட்டிகள், உள்ளே வரும் சிக்னலை முதலில் 45 முதல் 75 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உயரத்துக்குத் தூக்கின. ஒரே பெட்டியில் எல்லா அலைவரிசைகளையும் கேட்க அது வசதி. ஆனால் அந்த உயரத்தில் குறுகிய வடிகட்டி செய்வது கடினம். முதல் கேட் 15, 20 கிலோஹெர்ட்ஸ் அகலமாகிவிட்டது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத்தான், 2003ல் டென்-டெக் ஓரையனும் பிறகு எலெக்ராஃப்ட் கே3யும் 8, 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திரும்பி வந்து முதல் கேட்டை ஒடுக்கின. இந்த முதல் வடிகட்டிக்குக் கூரை வடிகட்டி என்று பெயர். கூரை மழையைத் தடுப்பதுபோல, கீழே உள்ள அறைகளை அது காக்கிறது. இன்று ஏஆர்ஆர்எல் 2 கிலோஹெர்ட்ஸ் எண்ணையும் சேர்த்தே வெளியிடுகிறது. 2 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் குறைந்தது 85 டெசிபெல் வேண்டும் என்பது ஷெர்வுட் பலமுறை சொல்லிவந்த அளவு. ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் எண்ணைப் பார்க்கும் முன் அது எந்த இடைவெளியில் எடுத்த எண் என்று பாருங்கள். அந்த இடைவெளியைச் சொல்லாத எண்ணை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

இப்போதைய நிலைமை இன்னொரு திருப்பத்தில் இருக்கிறது. 2016ல் வந்த ஐகாம் ஐசி-7300 போன்ற பெட்டிகளில் கலப்பி இல்லை. ஆன்டெனா சிக்னலை நேராக எண்களாக மாற்றிவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் சில்லு வில்லைப் போல மெல்ல மெல்ல வளைவதில்லை. அது படிக்கட்டு. உயரத்தை அருகிலுள்ள படிக்குத் திருத்தி எழுதும்; உச்சிப் படிக்கு மேலே போனால் சட்டென்று முட்டிக்கொள்ளும். மூன்றுக்கு ஒன்று என்ற விதி இங்கே செல்லாது. சிக்னலைக் கூட்டும்போது பொய் சிக்னல் சில இடத்தில் அசையாமல் நிற்கும், சில இடத்தில் குறையக்கூடச் செய்யும். பேண்டில் வேறு இரைச்சல் கலந்திருந்தால் நிலைமை மேம்படும், ஏனென்றால் இரைச்சல் சிக்னலைக் குலுக்கி, ஒரே படியில் ஒரே பிழை திரும்பத் திரும்ப விழாமல் கலைத்துவிடுகிறது. ஆகவே இவற்றுக்கு வெட்டுப்புள்ளி என்று ஓர் எண்ணைச் சொல்வது பொருளற்றது.

இவற்றுக்கு வேறு சோதனை. பல தொலைபேசிப் பேச்சுகளை ஒரே கம்பியில் அடுக்கி அனுப்பிய காலத்தில் பொறியாளர்கள் பயன்படுத்தியது அது. இரண்டு சிக்னல்களுக்குப் பதில் ஒரு பேண்ட் முழுவதையும் இரைச்சலால் நிரப்புவார்கள். நடுவில் ஒரு குறுகிய இடத்தில் மட்டும் இரைச்சலைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிடுவார்கள். வயல் முழுக்கத் தண்ணீர் கட்டி நடுவே ஒரு பாத்தியைக் காயவிடுவதைப் போல. பிறகு ரிசீவரை அந்தக் காய்ந்த பாத்தியில் நிறுத்தி எவ்வளவு ஈரம் கசிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கசிவு குறையக் குறைய ரிசீவர் நல்லது. இரைச்சல் திறன் விகிதம் என்று இதற்குப் பெயர். எந்த ஜோடி எந்த ஜோடியோடு மோதியது என்று இது சொல்லாது. நெரிசலான மாலையில் மொத்தமாக எவ்வளவு பொய் சேரும் என்று சொல்லும்.

பெட்டிக்குள்தான் இப்படி நடக்கும் என்றில்லை. வயலின் மேதை தார்த்தீனி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டு சுரங்களைச் சேர்த்து உரக்க வாசித்தால் மூன்றாவது ஒரு சுரம் தனக்குக் கேட்கிறது என்று கண்டார். வயலினில் அந்தச் சுரத்தை அவர் வாசிக்கவில்லை. நம் உட்செவியும் நேரியல்பு இல்லாத கருவிதான். அங்கே உள்ள புற மயிர்ச்செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. பெருக்கும் கருவி எதுவானாலும் அதில் இடைப்பண்பேற்றம் உண்டு. காதே ஒலி எழுப்புகிறது என்பதை லண்டனில் டேவிட் கெம்ப் 1978ல் மைக் வைத்துக் காட்டினார். இன்று பிறந்து இரண்டு நாளான குழந்தையின் செவித்திறனை இதை வைத்தே சோதிக்கிறார்கள். தூங்கும் குழந்தையின் காதில் மெத்தென்ற ஒரு முனையைப் பொருத்துகிறார்கள். 4,000 ஹெர்ட்ஸிலும் 4,800 ஹெர்ட்ஸிலும் இரண்டு ஒலிகளை உள்ளே அனுப்பி, 3,200ல் மைக்கால் கேட்கிறார்கள். முதலாவதன் இரட்டிப்பிலிருந்து இரண்டாவதைக் கழி, அதே வாய்ப்பாடு.

அந்தச் சிறிய முனைக்குள் இரண்டு ஒலிகளுக்கும் இரண்டு தனித்தனி ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஒரே ஸ்பீக்கரில் இரண்டையும் போட்டால் மூன்றாவது அங்கேயே பிறந்துவிடும். கருவியைச் சரிபார்க்க, காதுக்குப் பதில் ஒரு சிறிய வெற்றுக் குழாயில் முனையைச் செருகிப் பார்க்கிறார்கள். குழாயில் 3,200ல் ஒன்றும் கேட்கக் கூடாது. குழந்தையின் காதில் கேட்க வேண்டும்.